ஸெர்மாட்டின் சத்தமில்லாத வண்டி

லுசேர்னிலிருந்து ஸெர்மாட்டுக்கு ரயில் ஏறியபோது என் கையில் ஒரு பெட்டியோடு ஒரு பொட்டலமும் இருந்தது. பெட்டி என்னுடையது. பொட்டலம் யாருடையதோ.

1987 மார்ச் மாதம். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் மில் ஒன்றில் இன்ஜினியர். நூற்பு இயந்திரப் பயிற்சிக்காக அவரை மூன்று மாதம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன். காலையில் தொழிற்சாலைக்குப் போனால் மனிதர் மாலையில்தான் திரும்புவார். நானோ ஓரிடத்தில் அரைமணி உட்கார்ந்தால் கால் துறுதுறுக்கிற ரகம். பாதிக் கட்டண ரயில் பாஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகவே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

லுசேர்னில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். விலை இரண்டு பிராங்க் எண்பது. நம் கணக்கில் இருபது ரூபாய்க்கு மேல். ஆறவிடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என் புடவையைப் பார்த்துவிட்டுச் சமையலறையிலிருந்து ஒருவர் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்து எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஸெர்மாட்டுக்கோ! அங்கை என்ர மச்சான் குலசிங்கம் நிக்கிறான் அக்கா. ஹோட்டல் கார் ஓடுறான். ஒரு சின்னச் சாமான் தந்தால் குடுத்து விடுவியளோ?"

சின்னச் சாமான் இரண்டரைக் கிலோ இருந்தது. கறித்தூள், செத்தல் மிளகாய் எனும் காய்ந்த மிளகாய், சூரிச்சில் எங்கேயோ தேடிப் பிடித்த ஒரு டஜன் எலுமிச்சம்பழம். எலுமிச்சையை அவர்கள் தேசிக்காய் என்கிறார்கள். மறுக்க முடியுமா? தமிழர் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் கை காலியாகப் போகக் கூடாது என்பது நம் எழுதாத சட்டம். வாங்கிக்கொண்டேன்.

பிரிக் ஊரில் பெரிய ரயிலைவிட்டுச் சின்னச் சிவப்பு ரயிலுக்கு மாறினேன். அது பல்சக்கரத்தால் மலையைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் ஸெர்மாட். இறங்கியதும் காதில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. இன்ஜின் சத்தமே இல்லை. அந்த ஊருக்குள் பெட்ரோல் வண்டி வரக் கூடாது. குதிரை வண்டிகள் உண்டு. மற்றபடி, பாட்டரியால் ஓடும் சின்னச் சின்னப் பெட்டி வண்டிகள், ஆளைத் தாண்டிப் போன பிறகுதான் வந்ததே தெரியும். பாதசாரிகள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு தடவை துள்ளிக் குதித்தேன்.

குலசிங்கம் நிலையத்திலேயே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த மீசை, ஹோட்டல் கொடுத்த பச்சைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு. லுசேர்ன் மச்சான் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். பெட்டியையும் பொட்டலத்தையும் பின்னால் வைத்து என்னை முன்னால் ஏற்றினார். சாவியைத் திருகினார். சீட்டுக்கு அடியில் எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"இவ்வளவுதானுங்களா?" என்றேன்.

"இவ்வளவுதான் அக்கா. இரவு கரன்ட் குத்திவிட்டால் காலமை ரெடி. எண்ணெய் இல்லை, புகை இல்லை. கிழமைக்கு ஒருக்கா பாட்டரிக்குத் தண்ணி விடுவன். நாலு வருசமா ஒரு நாள்கூட என்னை நடுவழியில விட்டதில்லை."

இப்படி வண்டியைப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூரப் பயம். கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் நடுவே வளர்ந்தவள் நான். மோட்டாரை அது ஓடிக்கொண்டிருக்கும்போது புகழக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும்.

ஹோட்டல், ஊரின் தெற்கு முனையில், விங்கெல்மாட்டன் என்ற மேட்டுப் பகுதியில். ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். குலசிங்கத்தின் தயவால் வெளிக்காட்சி இல்லாத அறை ஒன்று, காலை உணவோடு நாற்பத்தெட்டு பிராங்குக்குக் கிடைத்தது. மலை பார்க்க வந்தவளுக்கு ஜன்னலைத் திறந்தால் வண்டிக் கொட்டகைதான் தெரிந்தது. மறுநாள் காலை நடந்ததை முழுதாகப் பார்த்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம், ஆகவே குறை சொல்ல மாட்டேன்.

காலை, ஏழரை மணி

ஒன்பதரைக்கு ரயில். நான் ஆறு மணிக்கே பெட்டி கட்டி முடித்துவிட்டேன். ரயிலைத் தவறவிடுவேனோ என்ற பயம் எனக்குப் பிறவி நோய். இந்த நாட்டில் ரயில்கள் நிமிடம் பிசகாமல் கிளம்புவதால் நோய் முற்றிப்போயிருந்தது.

கீழே இறங்கினால் கொட்டகை வாசலில் இன்னொருவர், முட்டுக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயது மதிக்கலாம். கழுத்தில் சிறு சிலுவை, பக்கத்தில் ஊன்றுகோல். பெயர் மரியதாஸ், மன்னார்க்காரர், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். மூன்று வாரம் முன்பு பின்வாசல் பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததாம்.

"மரியாவும் உங்கட ரயிலிலதான் வாறான் அக்கா," என்றார் குலசிங்கம். "பேர்ணில இண்டைக்கு ரெண்டு மணிக்கு அகதி விசாரணை. பிரிக் வரைக்கும் ஒரு கண் பாத்துக்கொள்ளுங்கோ."

"பிரிக் என்னங்க, நானும் பேர்ண், சூரிச் வழியாத்தான் வின்டர்தூர் போறேன்," என்றேன்.

இரண்டாவது விசாரணை, அநேகமாகக் கடைசி விசாரணை. முதலாவதில் இவர் சொன்னது போதவில்லை என்று அதிகாரிகள் நினைத்தார்கள். இன்று போய் உட்கார்ந்து சொல்லாவிட்டால் வழக்கை மூடிவிடலாம், மூடினால் திருப்பி அனுப்பிவிடலாம். கால் முறிந்ததைச் சொல்லித் தள்ளிப் போடக் கூடாதா என்று கேட்டேன். ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று என்றார் மரியதாஸ். கன்னத்தை மழித்த இடத்தில் இரண்டு வெட்டு.

எட்டேகால்

இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறவனைச் சும்மா அனுப்பக் குலசிங்கத்துக்கு மனம் வரவில்லை. என் பொட்டலத்திலிருந்து மூன்று தேசிக்காயை எடுத்தார். இரண்டை முன் சக்கரங்களுக்குக் கீழே வைத்தார். மூன்றாவதைச் செத்தல் மிளகாயோடு சேர்த்துக் கோத்தார். கோத்த நூல், இறைச்சியை உருட்டிக் கட்டுவதற்குச் சமையலறையில் வைத்திருக்கும் தடித்த சணல் நூல். வண்டியின் முகத்தில் கட்ட இடம் தேடினார். அது மூக்கும் இல்லாத, பம்பரும் இல்லாத வழுவழுப் பெட்டி. கடைசியில் விளக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன மூடியில் கட்டித் தொங்கவிட்டார். எட்ட நின்று பார்த்தார். திருப்தி.

"நான் வேதக்காரன், எனக்கேன் குலமண்ணை தேசிக்காய்?" என்றார் மரியதாஸ்.

"நீ வேதக்காரன். கார் சைவம்," என்றார் குலசிங்கம்.

மரியதாஸ் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அவரும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் நெற்றியில் திருநீறு கிடைத்தது. மரியதாஸை இருவருமாகத் தூக்கி முன் சீட்டில் ஏற்றினோம். கட்டுப் போட்ட கால் கதவு வரை நீண்டது. நான் பின்னால் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்தேன். குலசிங்கம் முருகனை அழைத்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி திருகினார். பெடலை மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். சத்தமில்லாத வண்டியில் ஒரு கஷ்டம் என்னவென்றால், அது நோயாகக் கிடக்கிறதா சும்மா நிற்கிறதா என்றே தெரியாது. நம் அம்பாசடர் என்றால் இருமும், முக்கும், ஏதாவது சொல்லும். இது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாட்டரி போச்சுங்களா?" என்றேன்.

"இல்லை அக்கா, மீட்டர் முள்ளு நிறைய எண்டு காட்டுது. விடிய விடியக் கரன்ட் குத்தினது." ஹார்னை அழுத்தினார். கணீரென்று அடித்தது. ஹோட்டல் ஜன்னல் ஒன்று திறந்து, யாரோ ஜெர்மனில் திட்டிவிட்டு மூடினார்கள்.

ஹார்ன் அடித்தால் மட்டும் பாட்டரியை நம்பிவிட முடியாது. எங்கள் ஊரில் ஒரு சோதனை உண்டு. முன்விளக்கைப் போடச் சொல்லிவிட்டு இறங்கி முன்னால் போய் நின்றேன். "இப்ப மிதிங்க!" மிதித்தார். மோட்டார் இழுக்கப் பார்த்து முடியாமல் போனால் விளக்கு மங்கும். மங்கவேயில்லை. அப்படியானால் கரன்ட் இருக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போகவில்லை. எங்கேயோ வழியில் அறுந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நான் பெருமையாக நின்றேன். எங்கே அறுந்திருக்கிறது என்று குலசிங்கம் கேட்டார். பெருமை அதோடு முடிந்தது.

எட்டரை

மரியதாஸை மறுபடி இறக்கினோம். சீட்டைத் தூக்கினால் கீழே வரிசையாகக் கறுப்புப் பாட்டரிகள். குலசிங்கம் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். பாட்டரிக்குள் கை விடுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் அது. பிடியில் ரப்பர் நாடா சுற்றிய ஸ்பானரால் முனைகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். ஒன்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வெந்நீர் கொண்டுவந்து கழுவித் துடைத்தார். திருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழுதாக இருந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்குப் புதிது போட்டார். முன்னே போகிற நெம்புகோலைப் பின்னே தள்ளி, நடுவே நிறுத்தி, மறுபடி முன்னே தள்ளினார். கைப்பிரேக்கைப் போட்டு எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு சாவியைத் திருகுவதும், நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், பிறகு விடுவதுமாக இருந்தது. அங்கேயும் இங்கேயும் நடந்தேன். கையில் குலசிங்கத்தின் கடிகாரம் வேறு. பார்க்க வேண்டாம் என்றாலும் கண் போகிறது.

"வேற வண்டி பிடிக்கலாமுங்க! அப்படியே நின்னா எப்படி?"

அலுவலகத்தில் கேட்டு வந்தார். ஊரிலிருந்த மின்சார டாக்ஸிகள் எல்லாம் ஏதோ பெரிய சுற்றுலாக் கூட்டத்தை ரயிலேற்றப் போயிருந்தன. முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்களாம். குதிரை வண்டிக்காரர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

"தள்ளிட்டுப் போலாமா? நிலையம் இறக்கத்துலதானே இருக்குது."

"பனி இறுகிக் கிடக்குது அக்கா. இது ஒரு தொன், ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட. உருளத் துவங்கினால் பிறகு நிப்பாட்டுறது ஆர்?" சற்றுத் தயங்கிவிட்டு இன்னொன்றையும் சொன்னார். "அதோட, தேசிக்காய் இன்னும் சில்லுக்குக் கீழ கிடக்கு."

"எடுத்து அந்தண்டை போடுங்க!"

"வைச்ச காயை எடுக்கக் கூடாது அக்கா. கார் ஏறி நசிக்க வேணும். எடுத்தால் போற காரியம்..." மரியதாஸைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் காயை எடுத்து எறிய என் கையும் நீளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக் காருக்கு எலுமிச்சை கட்டுகிறவள்தானே நானும்?

மரியதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "ஸ்டார்ட் வராது அக்கா," என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று அப்போது நான் கேட்கவில்லை, பயந்தவன் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணி

குலசிங்கம் ஊர்ப் பட்டறைக்குத் தொலைபேசி செய்தார். கொட்டகைச் சுவரிலேயே ஒரு போன் இருந்தது. மறுமுனையில் மெக்கானிக்; அந்த மலைப் பக்கத்து ஜெர்மன், கல்லை உருட்டுவது போன்ற பேச்சு. குலசிங்கம் கேட்டதை எங்களுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பதில் கொடுத்தார்.

"திறப்பைத் திருகேக்க உள்ள 'டொக்' எண்டு சத்தம் வருதோ எண்டு கேக்கிறார்... இல்லை, வரேல்லை. கைப்பிரேக் எடுத்ததோ... ஓம், எடுத்தது. ஸ்டெக்கர் கழட்டியாச்சோ... ஓம், கழட்டியாச்சு." திறப்பு என்றால் சாவி, ஸ்டெக்கர் என்றால் கரன்ட் குத்துகிற பிளக். "முன் மூடி சாத்தியிருக்கோ..." எட்டி வண்டியின் முகத்தைப் பார்த்தார். மூடி மூடித்தான் இருந்தது. நானும் பார்த்தேன். "ஓம், ஓம். சாத்தியிருக்கு."

பிறகு அவர் முகம் விழுந்துவிட்டது. பதினொரு மணிக்குத்தான் வர முடியுமாம்.

போனை வைத்தார். பிறகு தோளை உலுக்கிக்கொண்டு, "சாமான் இழுக்கிற பனிச்சறுக்கு வண்டில் ஒண்டு பின்னுக்குக் கிடக்கு. மரியாவை அதில கட்டி இழுத்துக்கொண்டு போறன்," என்றார்.

"இரண்டு கிலோமீட்டரா?"

"ஓம்."

"அந்தக் காலோடயா?"

"வேற என்ன செய்யிறது, சொல்லுங்கோ!" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. கண் கலங்கியிருந்தது. கயிறு எடுக்கப் பின்பக்கம் ஓடினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாலு வருடம் புகழ் வாங்கிய வண்டி, போக வேண்டிய அந்த ஒரு நாளில் படுத்துக்கொள்கிறது! வண்டியின் முன்னால் போய், "சனியனே!" என்று அதன் முகத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தேன்.

டொக்.

கையை எடுத்தேன். மறுபடி, டொக்.

கயிற்றோடு வந்துகொண்டிருந்த குலசிங்கம் அப்படியே நின்றார். "அந்தச் சத்தம்! அக்கா, என்ன செய்தனீங்கள்?"

"அறைஞ்சேன்."

"எங்க?"

காட்டினேன். இரண்டு விளக்குக்கு நடுவே, தேசிக்காய் தொங்கிய மூடி. அதை மறுபடி அழுத்தினேன். டொக். குலசிங்கம் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "முன்னுக்கு நிக்காதேங்கோ! திறப்பு போட்டபடி கிடக்கு!"

பிளக்கைக் குத்துகிற துவாரம் அந்த மூடிக்குப் பின்னால்தான் இருந்தது. மூடி திறந்திருந்தால் வண்டி ஓடாது. கரன்ட் வயரோடு யாரும் மறந்துபோய் ஓட்டிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். மூடியின் உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு குமிழ். மூடி முழுதாகச் சாத்தினால் அது உள்ளே அமுங்கி, 'சரி, கிளம்பு' என்று வண்டிக்குச் சொல்லும். குலசிங்கம் தேசிக்காய் கட்டிய சணல் நூல் மூடியின் விளிம்பில் சிக்கியிருந்தது. கண்ணுக்கு மூடியிருக்கிறது. குமிழுக்கு, ஒரு நூல் அளவு திறந்திருக்கிறது. மெக்கானிக் சரியான கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் சுவிட்சர்லாந்தில் எந்த மெக்கானிக்குக்குத் தோன்றும், 'மூடியில் தேசிக்காய் கட்டியிருக்கிறீர்களா?' என்று கேட்க?

குலசிங்கம் பேனாக்கத்தியை எடுத்தார். எடுத்தவர் நூலுக்கு அருகே கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். புறப்படுகிற நேரத்தில், காவலுக்குக் கட்டியதைத் தன் கையாலேயே அறுப்பதா?

"வெட்டுங்கோ குலமண்ணை," என்றார் மரியதாஸ். "எனக்காகத்தானே கட்டினீங்கள். எனக்காகவே வெட்டுங்கோ."

வெட்டினார். காயை மரியதாஸின் கையில் கொடுத்து, "போற வழியில சந்தியில எறிஞ்சுவிடு," என்றார். மூடியை அழுத்திச் சாத்தினார். மரியதாஸைத் தூக்கி ஏற்றினோம். திருகினார். டொக். இரண்டு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய்கள் சளக் சளக்கென்று நசுங்கின. அந்தக் குளிரிலும் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது.

ரயில் கிளம்ப நான்கு நிமிடம் இருக்கும்போது நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். குலசிங்கம் மரியதாஸை ஏறக்குறைய முதுகில் சுமந்து பெட்டியில் ஏற்றினார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. அவருடைய கடிகாரமும் மோதிரமும் என் கையிலேயே இருந்தன. ஜன்னல் வழியாக அவர் கைக்கு எறிந்தேன். பிடித்துவிட்டார்.

பத்து மணிக்கு மேல், ரயிலில்

பள்ளத்தாக்கு முழுக்கச் செங்குத்துப் பாறைகளும் உறைந்த அருவிகளும். ஜன்னல் பக்கம் நல்ல இடம் கிடைத்தும் நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. எதிரே மரியதாஸ் பேச ஆரம்பித்திருந்தார்.

இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்த அன்று காலை, அவருடைய பெரியண்ணன் மீன் ஏற்றுகிற வேனில், அவர்கள் பேச்சில் வானில், அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் ஏற்றினார். வான் ஸ்டார்ட் வரவில்லை. அண்ணன் இறங்கி மூடியைத் திறந்தார். இவர் தள்ளினார். வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணன், "நீ இவையைக் கூட்டிக்கொண்டு பனைக்குள்ளாலை நட. நான் இதைக் கிளப்பிக்கொண்டு றோட்டாலை வாறன்," என்றார்.

"பனங்காட்டுக்குள்ள பாதி தூரம் போகேக்க, அக்கா, வான் ஸ்டார்ட் வந்த சத்தம் கேட்டது. எங்கட வான்தான், எனக்குத் தெரியாதோ? அம்மா கும்பிட்டவ. தங்கச்சி சிரிச்சவள். நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டனாங்கள்." மாவுக்கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தச் சத்தம் எங்களுக்கு மட்டுமே கேட்டது? அவங்களுக்கும் கேட்டிருக்கும். பேந்து வெடிச் சத்தம்."

சரிந்த ஊன்றுகோலை எடுத்து அவர் பக்கம் சாய்த்து வைத்தேன்.

"முதல் விசாரணையில, அண்ணன் செத்தவர் எண்டு மட்டும் சொன்னனான். எப்பிடி எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவங்கள். ஒரு வான் ஸ்டார்ட் வரேல்லை, பேந்து வந்தது, அதுதான் கதை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சந்தோசப்பட்டனாங்கள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதாலை நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டினம்."

பிறகு, "குலமண்ணையின்ர கார் எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமோ? கிளம்பினால் ஒருத்தருக்கும் கேக்காது," என்றார்.

அவரைத் தம்பி என்று அழைக்க ஆரம்பித்தது அந்தக் கணத்திலிருந்துதான். "தம்பி, இதையே இப்படியே இன்னிக்குச் சொல்லிடுங்க," என்றேன். "ஒரு வார்த்தை மாத்தாம." அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, "பாப்பம்," என்றார்.

பேர்ண், மாலை

பேர்ணில் இறங்கியதும் அடுத்த சூரிச் ரயிலைப் பிடிப்பதாகத்தான் திட்டம். பிடிக்கவில்லை. மரியதாஸை டாக்ஸியில் ஏற்றி விசாரணை நடக்கிற கட்டிடம்வரை போய், வாசலில் விட்டுவிட்டு, எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். சூரிச்சுக்கு மணிக்கொரு ரயிலாவது உண்டு, ஒவ்வொன்றாகப் போகவிட்டேன். ரயிலை வேண்டுமென்றே தவறவிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று ஒரு பயம். உள்ளே என்ன கேட்கிறார்களோ என்று ஒரு பயம். பேர்ண் அழகான ஊர் என்கிறார்கள். எனக்கு அந்த வாசற்கதவு மட்டும்தான் நினைவிருக்கிறது.

வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் ஊன்றுகோலோடு வந்தார். என்னைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

"போகேல்லையோ?"

"என்னாச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"சொன்னன் அக்கா. முழுக்கச் சொன்னன். சந்தோசப்பட்டதையும் சொன்னன்." நெற்றியைத் துடைத்தார். "மொழிபெயர்க்கிற பிள்ளை நடுவில நிப்பாட்டிப்போட்டாள். விசாரிச்ச ஐயா தண்ணி எடுத்துத் தந்தவர், அவளுக்கும் எனக்கும். முடிவு வர மாசக்கணக்காகுமாம்."

நிலையத்துக்கு வந்தோம். இருவருக்கும் தொண்டை காய்ந்திருந்தது. ஒரு புட்டி மினரல் வாட்டரும் இரண்டு காகிதக் கிண்ணமும் வாங்கினேன். மரியதாஸ் கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். அந்தத் தேசிக்காய். கோத்த துளையும் நூல் துண்டும் அப்படியே இருந்தன.

"எறியலையா?"

"சந்தி எங்க வந்தது, ரயிலெல்லே ஏறினனாங்கள்." என் நகவெட்டியின் சின்னக் கத்தியை வாங்கிக் காயை இரண்டாக வெட்டினார்.

"ஐயோ, வேண்டாமுங்க! கண்ணேறுக்குக் கட்டின காய். வாயில வைக்கக் கூடாது!"

"உங்களுக்குக் கூடாது. எங்களுக்கு இது வெறும் தேசிக்காய்." தன் கிண்ணத்தில் ஒரு பாதியைப் பிழிந்தார். மறு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், வற்புறுத்தாமல்.

நான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை எலுமிச்சைகளையும், ஊரில் இருக்கிற மாமியாரையும் யோசித்தேன். பிறகு கிண்ணத்தை நீட்டினேன். உப்புமில்லை, சர்க்கரையுமில்லை. பல் கூசியது. முழுதாகக் குடித்தேன்.

அவருடைய பிரிக் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. அங்கே குலசிங்கம் வண்டியோடு வந்து காத்திருப்பார் என்று முதலில் நினைத்தேன், பிறகுதான் அந்த வண்டி ஸெர்மாட்டை விட்டு இறங்காது என்று உறைத்தது. "ஸெர்மாட் ஸ்டேசனில நிப்பார்," என்றார் மரியதாஸ். "இண்டைக்கு மூடியை நூறு தரம் பாத்திருப்பார்."

வேண்டாமென்றாலும் கேட்காமல் என் ரயில்வரை ஊன்றுகோலில் வந்தார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையை அசைத்தேன். அவர் திருப்பி அசைக்கவில்லை. கீழே, ரயிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கவில்லை, ஊதவில்லை, குலுங்கவுமில்லை. சக்கரம் உருள ஆரம்பித்ததை அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.